ஸ்கூல் நாளை எண்ணிப் பாக்குற பசங்க: எங்க தாராவி ஞாயித்துக்கிழமை கணக்குக் கூட்டம் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

90 ஃபீட் ரோடு பக்கத்துல எங்க மாடி ரூம்ல ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு பசங்க வருவாங்க, அஞ்சாங்கிளாஸ்ல இருந்து ஒம்பதாங்கிளாஸ் வரைக்கும், சில நாள் எட்டு பேர் சில நாள் பதினஞ்சு பேர். தமிழ் வீட்டுப் பசங்கதான், ஆனா படிக்கிறது ஆளுக்கொரு ஸ்கூல்ல, இங்கிலீஷ் மீடியம் ஹிந்தி மீடியம்னு கலந்து. அவங்க ஸ்கூல்ல நடக்குற விஷயத்தையே எடுத்து கணக்கு போட்டு பாக்குறாங்க. பெத்தவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, ஊர்ல இருந்து ஃபோன் பண்ற சித்தி பெரியம்மா வரைக்கும் கேக்குற கேள்வி எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

இது ட்யூஷனா அக்கா?

இல்லங்க. பாடம் நடத்துறது கிடையாது, ஹோம்வொர்க் முடிச்சுக் குடுக்குறது கிடையாது, ஃபீஸும் கிடையாது. ஒரு பிள்ளை தன்னோட ஸ்கூல் நாள்ல இருந்து ஒரு கேள்விய கொண்டு வரும், அத எப்படி எண்ணலாம் எப்படி அளக்கலாம்னு எல்லாரும் உக்காந்து பேசுவோம், அடுத்த வாரம் பூரா அந்தப் பிள்ளை ஸ்கூல்ல எண்ணிட்டு வரும், அப்புறம் அந்த நம்பர வச்சு என்ன சொல்ல முடியும் என்ன சொல்ல முடியாதுன்னு பாப்போம்.

விளையாட்டு மாதிரி இருக்கே, இதுல கணக்கு எங்க இருக்கு?

2005ல வந்த தேசிய பாடத்திட்டக் கட்டமைப்புல கணக்கு சொல்லித் தர்றதோட முக்கிய நோக்கம்னு எழுதியிருக்கிறதே பிள்ளையோட சிந்தனைய கணிதமயமாக்குறதுதான். அந்தக் கணக்குக் குழுவுக்கு தலைவரா இருந்தவர் நம்ம சென்னை கணித அறிவியல் நிறுவனத்து ஆர். ராமானுஜம். வாய்ப்பாடு ஒப்பிக்கிறதும் வேணும், நான் வேணாங்கல, ஆனா ஒரு பிள்ளை ‘எங்க ஸ்கூல்ல எப்பவுமே பாத்ரூம் லைன் பெருசு’ங்குறதுல இருந்து ‘20 நிமிஷத்துல 48 பேர்தான் உள்ள போய் வர முடியும்’ங்குற இடத்துக்கு வந்துட்டா அங்கதான் கணக்கு நடந்துருக்குன்னு நான் உறுதியா நம்புறேன்.

கேள்வி எங்கருந்து வருது? நீங்க குடுப்பீங்களா?

ஆரம்பத்துல நான்தான் குடுத்தேன், அது எடுபடல. கரும்பலகை நீளம் எவ்ளோ, கிளாஸ்ல எத்தனை டைல்ஸ்னு கேட்டா பசங்க அளந்துட்டு வருவாங்க, பேப்பர என் கைல குடுத்துட்டு மறந்துடுவாங்க. அவங்களுக்கு எரிச்சல் குடுக்குற விஷயம் எதுன்னு கேக்க ஆரம்பிச்ச பிறகுதான் மாறுச்சு. பை கனமா இருக்கு, லேட் மார்க் போடுறாங்க, தண்ணி பைப்புல வரல, கிரவுண்ட்ல சேறு. எரிச்சல் இருக்குற இடத்துல பிள்ளை ரெண்டாவது வாரமும் எண்ணும், அதுதான் வித்தியாசம்.

ஒரு உதாரணம் முழுசா சொல்லுங்களேன்.

எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி. அவ கேள்வி, ‘ரீசஸ்ல பாத்ரூம் போக ஏன் முடியவே மாட்டேங்குது?’ முதல் நாள் இத சொல்றதுக்கே வெக்கப்பட்டா, பசங்க எல்லாம் போனப்புறம் செருப்பு மாட்டிக்கிட்டே என்கிட்ட சொன்னா. நான் இது நல்ல கேள்வின்னு சொன்னேன், இதுவரைக்கும் இங்க வந்ததுலயே நல்ல கேள்வின்னும் சொன்னேன்.

ஸ்கூல்ல ஃபோன் எடுத்துட்டுப் போகக் கூடாது, அதனால கைல கட்டுற சின்ன டிஜிட்டல் வாட்ச்சு. கதவு சாத்துன நேரத்துல இருந்து அடுத்த ஆள் கதவு சாத்துற நேரம் வரைக்கும் எத்தனை செகண்டுன்னு குறிச்சா, யாரு என்னன்னு பேர் எழுதவே இல்ல, அது முதல்லயே நாங்க போட்ட ரூல். அஞ்சு நாள் குறிச்சதுல சராசரி 100 செகண்ட் வந்துச்சு. ஆறு டாய்லெட் இருக்கு, ஆனா ரெண்டுல தாழ்ப்பாள் உடைஞ்சு போச்சு, தாழ்ப்பாள் இல்லாததுல யாரும் போறதில்ல, ஆக நாலுதான். ரீசஸ் 20 நிமிஷம், அதாவது 1200 செகண்ட், ஒரு டாய்லெட்டுக்கு 12 பேர், நாலுக்கு 48 பேர். அந்த ஷிஃப்ட்ல பொம்பளப் பிள்ளைங்க மொத்தம் 288. ஆறுல ஒருத்திக்குதான் இடம்.

இதோட நிறுத்தியிருக்கலாம், ஆனா கூட வந்த இன்னொரு பொண்ணு கேட்டா, ‘288 பேருக்கும் போகணும்னு தோணுமா என்ன?’ சரியான கேள்வி. அதனால அவ கிளாஸ்ல 30 பொண்ணுங்களுக்கு சின்னச் சீட்டு குடுத்து பேர் போடாம எழுதி டப்பால போடச் சொன்னா: இன்னைக்கு ரீசஸ்ல போகணும்னு இருந்துச்சா, போனியா. 14 பேர் போகணும்னு இருந்துச்சுன்னு எழுதுனாங்க, 5 பேர்தான் போனாங்க. மூணாவதா அவளே ஒரு கேள்வி சேத்துருந்தா, நான் சொல்லிக் குடுக்கல: ‘இதுக்காக தண்ணி குடிக்கிறத குறைச்சுக்குறியா?’ 11 பேர் ஆமான்னு எழுதியிருந்தாங்க. அந்தச் சீட்டையெல்லாம் தரைல பரப்பி வச்சு எண்ணுன அந்த ஞாயித்துக்கிழமை ரூம்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல.

அப்புறம் ஒரு விஷயம். செகண்ட் குறிச்சதுல ஒரே ஒரு எண்ட்ரி 6 நிமிஷம்னு இருந்துச்சு, ஒரு பையன் இது தப்பு அடிச்சிடலாம்னான், அவ வேணாம்னா, மாசத்துல அந்த நாலு நாள் அவ்ளோ நேரம் ஆகும்னு நேராவே சொன்னா. சராசரிக்குள்ள அந்த 6 நிமிஷம் காணாம போயிடும், ஆனா அந்த 6 நிமிஷம் வேணுங்குற பிள்ளை காணாம போகக் கூடாது. எனக்கும் அது புதுசா ஒண்ணு கத்துக்கிட்ட நாள்.

கடைசில அவ ஒரு பக்கத்துல எழுதி கிளாஸ் டீச்சர்கிட்ட குடுத்தா. ரெண்டு தாழ்ப்பாள் போட்டா 48 வந்து 72 ஆகும். ரீசஸ ரெண்டா பிரிச்சு பாதி கிளாஸ முன்னாடி விட்டா 144 பேருக்கு 72, ரெண்டுல ஒருத்திக்கு இடம். தாழ்ப்பாள் விலைய எங்க ரோட்டு ஹார்ட்வேர் கடைல விசாரிச்சு அதையும் எழுதியிருந்தா. தாழ்ப்பாள் ஒரு வாரத்துல போட்டாங்க, மாவ்ஷி, அதான் ஸ்கூல் ஆயாம்மா, தானே நின்னு போட வச்சாங்களாம். ரீசஸ பிரிக்கிறது தீபாவளி லீவு முடிஞ்சுதான் நடந்துச்சு, ஆனா நடந்துச்சு.

என்னென்ன சாமான் வேணும்?

நோட்டு, பென்சில், டெய்லர் டேப், செகண்ட் காட்டுற வாட்ச்சு. இங்க எந்தச் சந்துல பாத்தாலும் தையல் மெஷின் ஓடுது, டேப்புக்கு பஞ்சமே இல்ல. எடை பாக்கணும்னா ரத்திவாலா, அதான் பழைய பேப்பர் வாங்குறவர், கடைத் தராசு.

பை எடை பாத்தீங்களாமே, அது என்னாச்சு?

ஏழாங்கிளாஸ் பையன், 34 கிலோ. பை பிள்ளையோட எடைல பத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2020 ஸ்கூல் பேக் பாலிசி சொல்லுது, ஆறாம் ஏழாம் கிளாஸுக்கு 2ல இருந்து 3 கிலோன்னு தனியாவும் போட்டுருக்கு. அவனுக்கு பத்துல ஒரு பங்குன்னா 3.4 கிலோ. ரத்திவாலாகிட்ட கொண்டு போய் தொங்க விட்டான், அவரு பாத்துட்டு ‘பௌனே சே’ன்னாரு, இவன் நோட்டுல 6.75ன்னு எழுதிட்டு வந்துட்டான்.

நாங்க எப்பவுமே ரெண்டு வழியா பாக்குறது வழக்கம், அதனால அடுத்த வாரம் பைய பிரிச்சு தனித்தனியா எடை போட்டோம், இந்தத் தடவ வீட்ல இருக்குற சமையல் தராசுல. தண்ணி பாட்டில் 1.2, டிபன் 0.6, காலிப் பை 0.8, டெக்ஸ்ட் புக் 1.4, நோட்டு 1.8, கூட்டுனா 5.8. அப்ப ஒரு கிலோ எங்க போச்சுன்னு தேடுனப்பதான் தெரிஞ்சது, ஹிந்தில பௌனே சேன்னா ஆறுக்கு கால் கம்மி, 5.75, இவன் ஆறேமுக்கால்னு எடுத்துக்கிட்டான். தமிழ்ல முக்கால்ன்னா மேல சேக்குறோம், ஆறேமுக்கால்ன்னா ஆறு கூட முக்கால். அவங்க அடுத்த நம்பர்ல இருந்து கழிக்கிறாங்க. தப்பு வந்ததால எங்களுக்கு ஒரு மொழிப் பாடமே கிடைச்சுச்சு.

அந்த 5.8ல தனியா கண்ணுல பட்டது பாட்டில்தான். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, ஸ்கூல்ல ஃபில்டர் வேலை செஞ்சா காலி பாட்டில் எடுத்துட்டுப் போகலாம், ஒரே அடியா ஒரு கிலோ குறையும். பை கனம்னு ஆரம்பிச்ச கேள்வி ஃபில்டர்ல போய் நின்னுச்சு. நோட்டுக்கு வேற கணக்கு: ஏ4 தாள் ஒரு சதுர மீட்டர்ல பதினாறுல ஒரு பங்கு, 80 ஜிஎஸ்எம் பேப்பர்னா ஒரு சதுர மீட்டர் 80 கிராம், அப்ப ஒரு தாள் 5 கிராம். நோட்டு எத்தனை பக்கம்னு தெரிஞ்சா தராசே வேணாம். 200 பக்க நோட்ட 100 பக்கமா மாத்தலாமான்னு அவங்க அம்மாவே கணக்கு போட்டுட்டாங்க.

எந்த மொழில பேசிக்குவீங்க? பசங்க குழம்ப மாட்டாங்களா?

குழம்புவாங்க, அது நல்லதுதான். ஹிந்தில 69ஐ உன்ஹத்தர்ங்குறாங்க, காதுல எழுபது மாதிரி விழுது, பாதிப் பசங்க 79ன்னு எழுதுறாங்க, 79க்கு உன்னாசி, 89க்கு நவாசி, ஒவ்வொண்ணும் தனித்தனியா மனப்பாடம் பண்ணணும். தமிழ்ல அறுபத்தி ஒம்பதுன்னா அறுபதும் ஒம்பதும் காதுலயே கேக்குது. நம்மகிட்டயும் தொண்ணூறு, தொள்ளாயிரம்னு வரிசைல ஒட்டாத வார்த்தைங்க இருக்கு, அத பசங்களே கண்டுபிடிச்சு சொன்னாங்க. மராத்திலயும் இதே பிரச்சனைதான், 2019ல மகாராஷ்டிரா பாடப் புத்தகம் போடுற பாலபாரதியோட ரெண்டாங்கிளாஸ் கணக்கு புக்ல 52க்கு பாவன்னங்குறதுக்கு பதிலா பன்னாஸ் தோன்னு சொல்லலாம்னு போட்டப்ப மகாராஷ்டிரா பூரா பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. ஐம்பத்தி ரெண்டுன்னு பிறந்ததுல இருந்து சொல்லிட்டு இருக்குற நம்ம பிள்ளைங்களுக்கு அந்த யோசனை ரொம்ப இயல்பா பட்டுச்சு.

அந்த பதினாறுல ஒரு பங்கு வந்தப்ப ஒரு பையனோட ஆச்சி கதவோரம் உக்காந்து கேட்டுட்டு இருந்தவங்க ‘அது மாகாணில்லா’ன்னாங்க. திருநெல்வேலிப் பக்கம் சின்ன வயசுல திண்ணைல படிச்சதாம். அரைக்கால்னா எட்டுல ஒண்ணு, மாகாணின்னா பதினாறுல ஒண்ணு, வீசம்னாலும் அதேதான், மா இருபதுல ஒண்ணு, காணி எண்பதுல ஒண்ணு, முந்திரி முன்னூத்தி இருபதுல ஒண்ணு. காணிய நாலா பிரிச்சா முந்திரின்னு அவங்க விரல்ல எண்ணிக் காட்டுன விதத்த பசங்க வாயப் பொளந்து பாத்துட்டு இருந்தாங்க. அன்னைல இருந்து எங்க கூட்டத்துல ஏ4 தாளுக்கு பேரே மாகாணித் தாள்.

சராசரி எடுத்தா போதாதா? ஸ்கூல்ல அதானே சொல்லித் தர்றாங்க?

போதாது, இதுல நான் கொஞ்சம் பிடிவாதமாவே இருப்பேன். ஆன்டாப் ஹில்ல இருந்து சயான் பக்கம் ஸ்கூலுக்கு பஸ்ல போற பையன் ஏழு நாள் நேரம் குறிச்சான்: 22, 24, 23, 25, 21, 24, 58 நிமிஷம். கடைசி நாள் காந்தி மார்க்கெட்கிட்ட தண்ணி நின்னு பஸ்ஸ சுத்தி விட்டாங்க. சராசரி 28 நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல, ஆனா 28 நிமிஷம் அவனுக்கு ஒரு நாள் கூட ஆகல பாருங்க. வரிசையா அடுக்கி நடுவுல இருக்குறத எடுத்தா 24, அதான் அவனோட சாதாரண நாள்.

ஆனா 24ன்னு தெரிஞ்சு என்ன பண்ண, 24 நிமிஷத்துக்கு முன்னாடி கிளம்புனா அந்த ஏழு நாள்ல ரெண்டு நாள் லேட். அவனுக்கு வேண்டியது வேற கேள்வி: எவ்ளோ முன்னாடி கிளம்புனா மாசத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல லேட் ஆகாது? அதுக்கு 24 ஸ்கூல் நாள் குறிச்சு சின்னதுல இருந்து பெருசுக்கு அடுக்குனான், 22வது இடத்துல 30 நிமிஷம் இருந்துச்சு. இப்ப அரை மணி நேரம் முன்னாடி கிளம்புறான், மழை மாசத்துல நாப்பது. மூணு லேட் மார்க் விழுந்தா அப்பாவ கூப்பிடுவாங்க, அவங்க அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும், அதனால இந்தக் கணக்கு அவனுக்கு வெறும் கணக்கு இல்ல.

இன்னொண்ணு, இது ஒரு அப்பா கேட்டது: ‘ஸ்கூல்ல ஒரு கிளாஸுக்கு சராசரி 45 பிள்ளைங்கதான்னாங்க, ஆனா நான் கேட்ட எல்லாப் பிள்ளையும் எங்க கிளாஸ் நெரிசல்னு சொல்லுது, யார் பொய் சொல்றாங்க?’ யாரும் பொய் சொல்லல. மூணு டிவிஷன், 20, 40, 75 பேர்னு வச்சுக்கோங்க. மொத்தம் 135, மூணால வகுத்தா 45, சரிதான். ஆனா பிள்ளைங்ககிட்ட போய் உன் கிளாஸ்ல எத்தனை பேர்னு கேட்டா 75 பேர் எழுவத்தஞ்சுன்னு சொல்லுவாங்க, 40 பேர் நாப்பதுன்னு, 20 பேர் மட்டும் இருபதுன்னு. அந்தப் பதிலையெல்லாம் கூட்டி 135ஆல வகுத்தா 56க்கு மேல வருது. ஆபீஸ் ரிஜிஸ்டர்ல 45, பிள்ளையோட பெஞ்சுல 56. ரெண்டும் உண்மை, ஆனா பெஞ்சுல உக்காந்துருக்கிறது பிள்ளைதான்.

பிறந்தநாள் கணக்கு என்ன? என் பொண்ணு வந்து சொன்னா, எனக்கு நம்பிக்கை வரல.

அவ சொன்னது சரிதான்மா. 23 பேர் இருக்குற கிளாஸ்ல ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க பாதிக்குப் பாதிக்கு மேல வாய்ப்பு, 40 பேர்னா நூத்துக்கு 89, 57 பேர்னா நூத்துக்கு 99. நம்ம மனசு ‘என் பிறந்தநாள் மாதிரி இன்னொருத்தருக்கு’ன்னு யோசிக்கும், ஆனா 40 பேர்ல 780 ஜோடி இருக்கு, எந்த ஜோடி ஒத்துப் போனாலும் போதும். அவங்கவங்க கிளாஸ்ல கேட்டுட்டு வந்தாங்க, எல்லா கிளாஸ்லயும் இருந்துச்சு.

அதே கேள்விய வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டப்ப ஜூன் 1 மட்டும் வரிசையா வந்துச்சு. அந்தக் காலத்துல தேதி தெரியாத பிள்ளைய ஸ்கூல்ல சேக்குறப்ப ஜூன் 1ன்னு போட்டு விடுறது வழக்கம், அது அப்படியே ஆதார் வரைக்கும் வந்துடுச்சு. 365 நாளும் சமம்னு வச்சுதான் அந்தக் கணக்கு, எங்க பாட்டி தாத்தா விஷயத்துல நாள் சமமா இல்லன்னு ஒரு ஒம்பதாங்கிளாஸ் பையன் எழுதினான். உண்மையான நாள் என்னன்னு பாட்டிகிட்ட கேட்டா தை பிறந்து மூணாம் நாள், பெரிய புயலுக்கு அடுத்த வாரம்னு கதை கதையா வந்துச்சு, அன்னைக்கு அதையே கேட்டுட்டு உக்காந்துட்டோம்.

மழைக்காலத்துல என்ன பண்ணுவீங்க?

மழையவே அளப்போம். ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லி மீட்டர் மழை பெய்ஞ்சா 1 லிட்டர் தண்ணி, இது ஒண்ணு தெரிஞ்சா போதும். பக்கம் நேரா இருக்குற பாட்டில மாடில வச்சு ஸ்கேல் ஒட்டினா மழைமானி. ஒருத்தன் ஸ்கூல் கிரவுண்ட் 30 மீட்டருக்கு 20 மீட்டர், 600 சதுர மீட்டர். வானிலை ஆபீஸ் கனமழைன்னு சொல்றதே 24 மணி நேரத்துல 64.5 மில்லி மீட்டர்ல இருந்துதான், அந்த அளவுக்கே கிரவுண்ட்ல 38,700 லிட்டர். 2005 ஜூலை 26 அன்னைக்கு சாந்தாகுரூஸ்ல 944 மில்லி மீட்டர் பெய்ஞ்சுச்சே, அந்த மழை இந்த கிரவுண்ட்ல விழுந்தா 5,66,400 லிட்டர், பத்தாயிரம் லிட்டர் டேங்கர் 57 வேணும். அன்னைக்கு இடுப்பளவு தண்ணில நடந்து வந்தத அப்பாமார் எல்லாம் சொல்லிருக்காங்க, டேங்கர் கணக்கு போட்டப்பதான் பசங்களுக்கு அது உறைச்சுச்சு.

ஃப்ரீ பீரியட்ல சும்மா உக்காந்துருக்குறப்ப பண்ற மாதிரி ஏதாவது?

6174. விரார் தாண்டி இருக்குற டஹாணுல 1905ல பிறந்த டி. ஆர். காப்ரேகர், நாசிக் பக்கம் தேவ்ளாலில ஸ்கூல் வாத்தியாரா இருந்தவர், அவர் கண்டுபிடிச்சது. ஏதாவது நாலு இலக்கம், எல்லாம் ஒரே எண்ணா இருக்கக் கூடாது, பெருசுல இருந்து சிறுசுக்கு அடுக்கி அதுல இருந்து சிறுசுல இருந்து பெருசுக்கு அடுக்குனத கழிக்கணும், திரும்பத் திரும்ப. 2005ஐயே எடுங்க: 5200ல 0025 போனா 5175, அப்புறம் 5994, 5355, 1998, 8082, 8532, ஏழாவது தடவ 6174. எந்த நம்பர் எடுத்தாலும் ஏழு தடவைக்குள்ள வந்துடும், வந்தப்புறம் அங்கயே நிக்கும். நம்ம ஸ்கூல் டீச்சர் மாதிரி ஒருத்தரான்னு பசங்க கேட்டாங்க. ஆமா, சாக்பீஸ் பிடிச்ச டீச்சர்தான்.

தப்பா எண்ணிட்டா?

அடிச்சு அழிக்கக் கூடாது, மேல ஒரு கோடு போட்டு பக்கத்துல சரியானத எழுதணும், ஏன் தப்பாச்சுன்னும் எழுதணும். அந்த பௌனே சே நோட்ட இன்னும் வச்சிருக்கேன்.

எதையெல்லாம் எண்ணக் கூடாது?

இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். முதல் தடவ பை எடை போட்டப்ப பிள்ளைங்க எடையையும் வரிசையா நிக்க வச்சு சத்தமா படிச்சேன். குண்டா இருந்த ஒரு பையன் அதுக்கப்புறம் ரெண்டு வாரம் வரல, அவங்க வீட்டுக்குப் போய் அவன்கிட்டயே மன்னிப்பு கேட்டேன். இப்ப திரைக்குப் பின்னாடி அவங்கவங்களே பாத்துக்குவாங்க, பத்துல ஒரு பங்கு எவ்ளோன்னு மட்டும் எழுதினா போதும்.

யார் ஃபீஸ் கட்டல, யார் டிபன்ல என்ன இருக்கு, யார் வீட்ல எத்தனை பேர் ஒரு ரூம்ல, யார் எத்தனை மார்க், அப்பா சம்பளம், இதெல்லாம் கிடையாது. ஜாதி மதம் சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது. ஒரு பிள்ளை குறுகிப் போற எந்த எண்ணும் எங்க நோட்டுல ஏறாது.

யாருக்கு எத்தனை ஃப்ரெண்டுன்னு எண்ணலாமான்னு ஒரு பொண்ணு கேட்டா, அவளுக்கு ஃப்ரெண்ட்ஸ் கம்மின்னு வருத்தம்னு எனக்குப் புரிஞ்சுச்சு. எண்ண வேணாம்னுட்டு அஞ்சு புள்ளி வரைஞ்சேன். நடுவுல ஒண்ணு, சுத்தி நாலு, நடுப்புள்ளிக்கு நாலு ஃப்ரெண்ட், மத்த நாலுக்கும் ஆளுக்கு ஒண்ணு. அந்த நாலு பேரும் ‘என் ஃப்ரெண்டுக்கு என்ன விட ஃப்ரெண்ட்ஸ் ஜாஸ்தி’ன்னுதான நினைப்பாங்க? நிறைய ஃப்ரெண்ட்ஸ் இருக்குறவங்க நிறைய பேரோட லிஸ்ட்ல வர்றாங்க, அதனால நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்படித் தோணும். ஸ்காட் ஃபெல்டுங்குற சமூகவியல்காரர் 1991லயே இத எழுதி வச்சிருக்காரு. அந்தப் படத்த அவ மடிச்சு கம்பாஸ் பாக்ஸ்ல வச்சுக்கிட்டா.

ஸ்கூல்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

சில இடத்துல சொல்லுவாங்க. ஒரு ஸ்கூல்ல எங்கள குறை சொல்ல நோட்டு போடுறியான்னு நோட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்க. அதுல இருந்து முதல்ல கிளாஸ் டீச்சர்கிட்ட கேட்டுட்டுதான் ஆரம்பிக்கிறோம், முடிவையும் முதல்ல அவங்ககிட்டதான் காட்டுறோம். பெரும்பாலான டீச்சருங்க சந்தோஷப்படுறாங்க, அவங்களுக்கும் பிரின்சிபால்கிட்ட காட்ட ஒரு பேப்பர் கிடைக்குது.

மதிய சாப்பாட்டுல கணக்கு பாக்கலாமா?

பாக்கலாம், சுலபம். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறுல இருந்து எட்டு வரைக்கும் 150 கிராம், இது ஸ்கூல் மதிய சாப்பாட்டுக்கான பிஎம் போஷன் திட்டத்தோட கணக்கு. சின்னப் பிள்ளைங்க 180, பெரியவங்க 120ன்னா ரெண்டுக்கும் 18 கிலோதான், மொத்தம் 36. சமைக்கிற அக்காங்ககிட்ட மரியாதையா கேட்டா எவ்ளோ போட்டோம்னு அவங்களே சொல்லுவாங்க.

மார்க் கூடுமா?

சில பிள்ளைங்களுக்கு கூடுச்சு, சிலருக்கு அப்படியேதான் இருக்கு. சராசரி, சதவீதம், கிராஃப் வர்ற பாடத்துல பயம் போயிடுது, அத நான் கண்ணால பாத்தேன். மார்க்குக்காக மட்டும்னா உங்க பிள்ளைய இங்க அனுப்ப வேணாம், நேரா சொல்லிடுறேன்.

கணக்குல வீக்கான பையன் வரலாமா?

கண்டிப்பா அனுப்புங்க. அந்த 24 நாள் பஸ் நேரம் குறிச்சவன் ஸ்கூல்ல கணக்குல ஃபெயில் ஆனவன்.

இப்ப என்ன எண்ணிட்டு இருக்காங்க?

அஞ்சாங்கிளாஸ் பையன் ஒருத்தன், ஸ்கூல் தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே இருக்கு, லோக்கல் போறப்பல்லாம் மிஸ் பாடத்த நிறுத்திட்டு நிப்பாங்களாம். எவ்ளோ நேரம் போகுதுன்னு அவனுக்கு தெரியணும். முதல் நாள் ஒரு பீரியட்ல ஆறு ட்ரெயின், ஒவ்வொண்ணுக்கும் 20 செகண்ட், ஆக 2 நிமிஷம். எட்டு பீரியட்டுக்கு 16 நிமிஷம், 200 நாள் ஸ்கூல்னா 3200 நிமிஷம், அவங்க பீரியட் 35 நிமிஷம், வகுத்தா 91 பீரியட்டுக்கு மேல வருதுன்னு எழுதிட்டு வந்தான். எல்லா பீரியட்லயும் ஆறு ட்ரெயின் வருமான்னு மத்த பசங்க கேட்டாங்க, மத்தியானம் கம்மியா இருக்குமேன்னாங்க, அதனால இந்த வாரம் எட்டு பீரியடும் குறிக்கிறான். ஜன்னல் சாத்துனா 20 செகண்ட் எத்தனையா குறையுதுன்னு அடுத்த வாரம் பாக்கப் போறான். மிஸ்கிட்ட பர்மிஷன் வாங்கியாச்சு, ஃபேன் ஓடுற நாள்ல மட்டும் பண்ணுன்னு சொல்லிருக்காங்க.